கங்காணி எங்கே?

கடத்தல் என்றதும் கண்முன் நிற்கும் காட்சி எது? விரைந்து வரும் வண்டி. வாயைப் பொத்தும் கை. கயிற்றால் கட்டுண்ட பெண். காப்பாற்றப் பாய்ந்து வரும் கதாநாயகன். வெள்ளித்திரை பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி நம் மனத்தில் பதிய வைத்த படம் அது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம்மவர் 'ஆள் கடத்தல்' என்னும் தலைப்பைப் படிக்கின்றனர். பலர் அதை வைத்துக்கொண்டே அத்தலைப்பில் எழுதவும் முற்படுகின்றனர்.

உண்மையில் நடப்பதோ வேறு. அங்கே வண்டி விரைவதில்லை. வழக்கமான பேருந்தே போதும். கயிறு இல்லை, கடன் இருக்கிறது. முகமூடி அணிந்தவன் வருவதில்லை, "நல்லா இருக்கியா அக்கா?" என்று நலம் கேட்டபடி, நமக்குத் தெரிந்தவரே வாசலில் வந்து நிற்கிறார். பெற்றவள் கண் கலங்குகிறாள். ஆயினும் தன் கையாலேயே மகளின் பெட்டியைக் கட்டிக் கொடுத்து வழியனுப்புகிறாள். அலறல் இல்லை, துரத்தல் இல்லை, காவல் நிலையத்தில் புகாரும் இல்லை. இதையும் சட்டம் ஆள் கடத்தல் என்றுதான் அழைக்கிறது. ஊர்தான் அப்படி அழைப்பதில்லை. ஊருக்கு அதை உணர்த்த வேண்டிய ஏடு எது? கலைக்களஞ்சியம் அல்லவா?

கதையைத் திறனாய்வோர் உண்டு. கவிதையைத் திறனாய்வோர் உண்டு. களஞ்சியக் கட்டுரையைத் திறனாய்வோர் அரியர். அதில் கலை என்ன இருக்கிறது என்று எண்ணுகிறோம் போலும். ஆனால் தமிழர் அறிவு வரலாற்றில் களஞ்சியத்துக்குத் தனி இடம் உண்டு. பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தபோது, தமிழால் எல்லாத் துறைகளையும் பேச முடியுமா என்று ஐயுற்றோர் வாயடைத்துப் போயினர். அந்தத் தொகுதிகளில் ஒரு பிழை இருந்தால் மறுபதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று இணையத்தில் விரிந்து கிடக்கும் களஞ்சியத்தையோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். உரிமை வந்துவிட்டது, உரிமையோடு பொறுப்பும் வந்திருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்போர்க்கு, ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அது எப்படி எழுதப்பட வேண்டும் என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல், நான்கு குற்றம்

முதற்கோளாறு தலைப்பிலேயே இருக்கிறது. தங்கத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தால் கடத்தல். குழந்தையைத் தூக்கிச் சென்றால் கடத்தல். வானூர்தியை மிரட்டித் திருப்பினால் கடத்தல். ஆளை ஏமாற்றி அடிமை வேலையில் தள்ளினாலும் கடத்தல்! நான்கு குற்றத்துக்கும் ஒரே சொல்லைப் போர்த்தினால், படிப்பவன் தனக்குப் பழக்கமான பொருளைத்தானே எடுத்துக்கொள்வான்? 'கடத்தல்' என்னும் சொல் இடம்பெயர்வை முன்னிறுத்துகிறது, வலுக்கட்டாயத்தை நினைவூட்டுகிறது. ஆனால் இக்குற்றத்தின் உயிர்நிலை இடம்பெயர்வில் இல்லை; சுரண்டலில் இருக்கிறது.

ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஏற்ற பலேர்மோ நெறிமுறை இதைத் தெளிவாகவே கூறுகிறது. 2003இல் நடைமுறைக்கு வந்து, 2011இல் இந்தியாவும் உறுதிசெய்த அந்நெறிமுறையின்படி, இக்குற்றத்துக்கு உறுப்புகள் மூன்று. ஒன்று செயல்: ஆள் சேர்த்தல், கொண்டுசெல்லல், கைமாற்றல், அடைக்கலம் கொடுத்தல், பெற்றுக்கொள்ளல். இரண்டு வழி: அச்சுறுத்தல், ஏமாற்றுதல், அதிகாரத்தையோ ஒருவரின் நலிந்த நிலையையோ தவறாகப் பயன்படுத்தல், அவரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து இசைவு பெறல் போன்றவை. மூன்று நோக்கம்: சுரண்டல். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் இரண்டாம் உறுப்பை மெய்ப்பிக்க வேண்டுவதே இல்லை.

இதன் பொருள் என்ன? எல்லை தாண்ட வேண்டியதில்லை. ஊரைக்கூடத் தாண்ட வேண்டியதில்லை. ஏமாற்றி ஆள் சேர்த்து, சுரண்டும் நோக்கோடு தன் வளவுக்குள்ளேயே அடைத்து வைப்பவனும் இக்குற்றம் புரிந்தவனே. "அவளாகத்தானே வந்தாள்?" என்னும் வாதமும் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் இசைந்தார் என்பது குற்றத்தைத் தீர்மானிப்பதில் பொருட்டன்று என்று வெளிப்படையாகவே கூறுகிறது. களஞ்சியக் கட்டுரை இந்த உண்மையை முதற்பத்தியில் சொல்ல வேண்டும். இருபதாம் பத்தியில் அன்று. 'ஆள் வணிகம்' என்று தலைப்பிட்டு, 'ஆள் கடத்தல்' என்று தேடி வருவோரையும் அங்கே அழைத்து வருதல் நன்று. வணிகம் என்றவுடன் விலை நினைவுக்கு வரும். விலை நினைவுக்கு வந்தால், விற்றவன் யார், வாங்கியவன் யார் என்னும் வினா தானே எழும்.

கடல் கடந்த கடன்

இரண்டாம் கோளாறு வரலாற்றில். இத்தலைப்பில் எழுதப் புகுவோர் பலர் அட்லாண்டிக் கடலில் தொடங்குவர். ஆப்பிரிக்கரைச் சங்கிலியிட்டு ஏற்றிய கப்பல்களைக் காட்டுவர். காட்டட்டும், அது மனித குலத்தின் மாறாத வடு. ஆனால் தமிழில் எழுதும் கட்டுரை இராமேசுவரத்துக் கடலைக் காட்டாமல் போவது முறையோ?

1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளின் தேவை ஒழிந்ததா? இல்லை. அடிமையின் இடத்தில் ஒப்பந்தக் கூலி வந்தான். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் திரட்டக் கங்காணி வந்தான். அவன் அயலான் அல்லன். அதே ஊரான், பல வேளைகளில் அதே சாதியான், உறவினனாகவும் இருப்பான். தோட்டத் துரையிடம் முன்பணம் பெற்று வருவான். பஞ்சத்தில் வாடும் குடும்பத்துக்குக் கொடுப்பான். வழிச்செலவு, சோறு, துணி அனைத்தையும் கணக்கில் எழுதுவான். மலையில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. அவன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டே அத்துண்டு. சீட்டு கைமாறும், சீட்டோடு மனிதனும் கைமாறுவான். 1921இல்தான் இலங்கையில் அத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கூலித் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. போனவர்களின் வழித்தோன்றல்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்.

பலேர்மோ நெறிமுறையின் மூன்று உறுப்புகளையும் இந்த வரலாற்றின்மீது வைத்துப் பாருங்கள். ஆள் சேர்த்தல் உண்டு. பஞ்சம் என்னும் நலிவைப் பயன்படுத்தல் உண்டு. கடனால் கட்டிச் சுரண்டல் உண்டு. சென்றோர் அனைவரும் ஏமாற்றப்பட்டோர் என்று கூற வேண்டா; தெரிந்தே சென்றோரும், சென்று தழைத்தோரும் உளர். ஆயினும் முன்பணம், இடையாள், கணக்குப் புத்தகம், வெளியேறத் தடை என்னும் அந்த அமைப்பைப் புரிந்துகொண்டவனுக்குத்தான் இன்றைய ஏஜெண்டைப் பார்த்ததும் அடையாளம் தெரியும்.

நம் இலக்கியம் அந்த அமைப்பை அன்றே அறிந்திருந்தது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கண்டார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய புதினத்தை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இவை கற்பனைகளே, சான்றாவணங்கள் அல்ல. எனினும் களஞ்சியத்தின் 'இலக்கியத்தில்' என்னும் பகுதியில் இவற்றுக்கு இடம் வேண்டும்.

கோயில் வாசலில் விற்பனை

வீட்டாரே விற்பதும் வணிகமே என்பதற்கு நம் நாட்டில் வேறொரு சான்றும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் குழந்தைப் பருவத்தில் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டவர். அவரைக் கொள்ளையர் எவரும் தூக்கிச் செல்லவில்லை. வறுமை விற்றது, வழக்கம் வாங்கியது, தெய்வத்தின் பெயர் அதற்கு முத்திரையிட்டது! அந்த அம்மையார்தான் வளர்ந்து, தன்மான இயக்கத்தின் மேடைகளில் முழங்கி, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தைத் தந்தார். சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வாதாடினார். பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1947இல் நிறைவேறியது. "தொன்றுதொட்டு வந்தது, தொடலாகாது" என்றோர் தோற்றனர்.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனிதரை வணிகப் பொருளாக்குவதையும் வெட்டி வேலையையும் ஒரே மூச்சில் தடை செய்கிறது. 1956ஆம் ஆண்டில் வந்த சட்டமோ விபசாரத்துக்காக நடக்கும் வணிகத்தை மட்டும் தொட்டது. அதன் விளைவாக, ஆள் வணிகம் என்றால் விபசாரம் ஒன்றே என்னும் எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 2013இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் அடிமைத்தனம், உறுப்புகளைக் கட்டாயமாக அகற்றல் ஆகியவற்றையும் சேர்த்தது; இன்றைய 143ஆம் பிரிவு பிச்சையெடுக்க வைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் 'கட்டாய உழைப்பு' என்னும் சொற்றொடர் அந்த விளக்கத்தில் இன்றும் பெயர் சொல்லப்படவில்லை. பெருமைகளை அடுக்கும் கட்டுரை இந்தக் குறையையும் சுட்ட வேண்டாவா?

சுமங்கலி என்னும் தூண்டில்

நான் ஆசிரியப் பணி புரியும் கெங்குவார்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்த பேரூர். சாலையின் ஒரு கோடியில் நூற்பாலைகள். மறுகோடியில் கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் ஏலமலையும். இவ்வட்டாரத்து உழைப்பு இருபக்கமும் பாய்கிறது. ஆகவே இந்தத் தலைப்பு எம் மாணவர்க்கு அயல்நாட்டுச் செய்தி அன்று.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'திருமணத் திட்டம்' என்றும் ஒரு முறை நிலவியதைப் பல ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. பதின்வயதுப் பெண் மூன்றாண்டு ஆலையில் உழைக்க வேண்டும். ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். விருப்பம்போல் வெளியே செல்லல் ஆகாது. மாதந்தோறும் சிறு தொகை. மூன்றாண்டு முடிவில் 30,000 ரூபாய், 50,000 ரூபாய் என்று மொத்தத் தொகை. நடுவில் நோயுற்று நின்றால் அத்தொகை கேள்விக்குறி. அவள் ஈட்டிய கூலியையே பிடித்து வைத்து, பரிசு போல் காட்டும் தந்திரம்!

பெயரைப் பாருங்கள், சுமங்கலி! பெண்ணுக்கு வாழ்வு என்றால் தாலி. தாலிக்கு விலை வரதட்சணை. வரதட்சணைக்கு வழி ஆலை. 1961இலேயே சட்டம் தடை செய்த வழக்கத்தைக் காட்டி, அவள் இளமையை விலை பேசினார்கள். மூடவழக்கம் ஏதோ கோயிலிலும் குளத்தங்கரையிலும் மட்டும் வாழ்வதாக எண்ணுவோர் இதைக் கருதுக: அது ஆலைக்கு ஆள் பிடித்தும் கொடுக்கும். ஆலைவேலை அனைத்தும் ஆள் வணிகம் என்பதன்று என் கூற்று. ஊதியத்தை மாதந்தோறும் முழுமையாகப் பெற்று, வேண்டும்போது விலகும் உரிமையுள்ள பெண்ணுக்கு ஆலை விடுதலை தரும் இடம். அவ்வுரிமை பறிக்கப்பட்டபோதுதான் அது கூண்டு.

படித்தவரை இது தீண்டாது என்றும் எண்ண வேண்டா. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியன்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். மீட்கப்பட்டு ஊர் திரும்பிச் சொன்ன கதைகளை நாடு கேட்டது. பழைய கங்காணி கப்பலைக் காட்டினான். புதிய கங்காணி வானூர்திச் சீட்டைக் காட்டுகிறான்.

எண்கள் எதை எண்ணுகின்றன?

மூன்றாம் கோளாறு எண்ணிக்கையில். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு முதலிய மூன்று அமைப்புகள் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் உலகில் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர். அவர்களுள் தனியாரிடம் பிற தொழில்களில் சிக்கியோர் 1 கோடியே 73 இலட்சம். பாலியல் சுரண்டலில் சிக்கியோர் 63 இலட்சம். அதே 2022இல் இந்தியா முழுதும் ஆள் கடத்தல் என்று பதிவான வழக்குகளோ 2,250 மட்டுமே.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாளா இருந்தால் படிப்பவன் திகைப்பான். முதலாவது ஆய்வாளர் கணித்த மதிப்பீடு. இரண்டாவது காவலர் எழுதிய பதிவேடு. முதலாவது கட்டாய உழைப்பை எண்ணுகிறது. இரண்டாவது அந்தச் சட்டப்பிரிவுகளில் பதிந்ததை எண்ணுகிறது. பதிவு குறைவு என்பதால் குற்றம் குறைவு என்று ஆகாது. மதிப்பீடு பெரிது என்பதால் ஒவ்வோர் எண்ணுக்கும் பெயரும் முகவரியும் உண்டு என்றும் ஆகாது. எண்ணைத் தருபவர் அது எதை எண்ணியது என்பதையும் தர வேண்டும்.

"இப்படியெல்லாம் எழுதினால் களஞ்சியம் பிரசாரம் ஆகிவிடாதா? நடுநிலை எங்கே?" என்று கேட்பர் சிலர். நல்ல கேள்வி. நடுநிலை என்பது நடுவில் நின்று நழுவுவதன்று. உள்ளதை உள்ளபடி, அளவு தவறாமல் சொல்வது. அளவு தவறாமை இருபக்கமும் வேண்டும். விடியுமுன் கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களில் ஜீப்பேறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் பெண்களைக் கடத்தப்பட்டோர் என்று எழுதினால் அதுவும் பொய்யே. அவர்கள் மாநில எல்லையைத் தாண்டுகின்றனர். கூலி குறைவு, ஜீப்பில் நெரிசல், விபத்தச்சம் எல்லாம் உண்டு. ஆனால் நாளை வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இருக்கிறது. மாவட்டம்கூடத் தாண்டாமல் விடுதியில் பூட்டப்பட்ட சிறுமிக்கு அவ்வுரிமை இல்லை. இந்த வேறுபாட்டைக் காட்டுவதே களஞ்சியத்தின் கடமை. சொன்ன வேலைதானா? கூலி யார் கையில்? விரும்பியபோது வெளியேற முடியுமா? இம்மூன்று கேள்விகளையும் கட்டுரை கற்பித்துவிட்டால் பாதிப்பணி முடிந்தது.

மீதிப்பணி, வழி காட்டல். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அடிமைக் கடனை அடியோடு ரத்து செய்துவிட்டது. "இது கொத்தடிமைக் கடன்" என்று தொழிலாளி சொன்னால், அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவன் தலையில். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்றும், பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயமே என்றும் உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், தீர்ப்பளித்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தராமல் மகளை அழைத்து வர முடியாது என்று நடுங்கும் தாய் ஒருத்திக்கு இச்செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல்! இது அவள் கண்ணில் படும் இடத்தில், அவள் பேசும் மொழியில், அவள் மகனோ மகளோ படித்துக் காட்டக்கூடிய நடையில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்னும் தொலைபேசி எண் அங்கே இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இத்தலைப்பில் கட்டுரை எழுதக் களஞ்சியத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கப்பலும் சங்கிலியும் வெளிநாட்டுப் பெயர்களும் மட்டும் இருந்தால், அழகாகப் படியெடுத்து எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவாள். ஆலை விடுதியிலிருந்து ஓராண்டாக வீடு வராத தன் அக்காளை நினைக்க மாட்டாள். அக்காளை யாரும் கடத்தவில்லையே. தெரிந்தவர்தானே அழைத்துப் போனார்! முதல் வரியே இவ்வாறு இருந்தால் என்ன நேரும்? "ஆள் வணிகமாவது, ஒருவரை ஏமாற்றியோ, அச்சுறுத்தியோ, அவர் வறுமையைப் பயன்படுத்தியோ பெற்று, அவர் உழைப்பையோ உடலையோ சுரண்டுவது, அவர் இசைந்து சென்றிருந்தாலும், அழைத்துச் சென்றவர் உறவினராயினும், அது குற்றமே." அந்தப் பெண் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்பாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை சொற்களும். தமிழறிந்த இளைஞர்களே, ஆசிரியத் தோழர்களே! களஞ்சியத்தைக் குறை கூறுவது எளிது. திருத்துவதும் இன்று எளிதே. நூலகத்தில் ஒரு மாலை, சட்டநூலில் ஒரு பக்கம், சரிபார்த்த ஓர் ஆண்டுக்குறிப்பு, இவை போதும் தொடங்க. கங்காணி மாண்டுபோனான் என்று எண்ணற்க, பெயர்தான் மாறியிருக்கிறது. களஞ்சியத்தில் அவனுக்கு ஓர் இடம் கொடுங்கள். ஊரில் அவனுக்கு இடமில்லாமற் போகும்.